நிண்ட இடத்தில நில்லுங்க

எங்கள் நெல்லு மில்லில் செயின் அறும்போதெல்லாம் நான் முதலில் கத்துவேன், பிறகு ஓடுவேன். எந்தத் திசைக்கு என்பது மட்டும் ஒவ்வொரு முறையும் மாறும். ஒருமுறை எலிவேட்டர் செயின் அறுந்து தகரப் பெட்டிக்குள் விழுந்த சத்தத்துக்கு நான் ஓடிப்போய் நின்ற இடம் கக்கூசு. உள்ளே தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, “ஆருக்கும் ஒண்டுமில்லையே?” என்று பொறுப்புள்ள முதலாளியாகக் கேட்டேன். வாப்பா மௌத்தாகுமுன் மில்லை என் பெயருக்கு எழுதிவைத்தார். தைரியத்தை மட்டும் தன்னோடு மையவாடிக்குக் கொண்டுபோய்விட்டார்.

அந்தக் கக்கூசுக் கதவைத் தட்டிய மனிதரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். தட்டியவர், வெளியே வாருங்கள் என்று சொல்லவில்லை.

“அறுந்த நேரம் எங்க நிண்டீங்க?” என்றார்.

“உமிக் குவியலுக்குப் பக்கத்தில, காக்கா.”

“அப்ப அங்க போய் நில்லுங்க. நீங்க கக்கூசில நிண்டு எனக்கு என்ன புரியோசனம்?”

அண்ணனை எங்கள் பக்கத்தில் காக்கா என்போம். செயின் காக்கா என்றால் கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் எல்லா மில்லிலும் தெரியும். உம்மா வாப்பா வைத்த பேர் அடையாள அட்டையோடு நின்றுவிட்டது. வேலைக்கு வரும்போது வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சாரன், காதுமடலில் அத்தர் தோய்த்த பஞ்சு. கிறீசுக்குள் கையைவிட்டு எடுக்கிற மனிதர், போகும்போது சட்டையில் ஒரு பொட்டுக் கறை இருக்காது. “ஊத்தப்படுறவன் வேல தெரியாதவன்” என்று, உடம்பெல்லாம் ஊத்தையாக நிற்கிற எங்கள் ஆட்களுக்கு முன்னாலேயே சொல்வார். அடக்கம் என்ற சாமான் அவரிடம் இல்லை. தேவையென்றும் அவர் நினைக்கவில்லை.

மில்லைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நெல்லை மேலே தூக்குகிற எலிவேட்டர், கீழே இழுத்துக்கொண்டு போகிற கன்வேயர், எல்லாம் செயினில்தான் ஓடும். சைக்கிள் செயினுக்குத் தடித்த அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணி கண்ணியாகக் கோத்த இரும்பு, கண்ணிக்குள் உருளும் ரோலர், அதைக் கடித்துச் சுழலும் பல்சில்லு. அண்ணன் அறுந்தால் மில் நிற்கும். நெல்லு வண்டிகள் வாசலில் நிற்கும். வயல்காரப் போடியார்மார் என் தலையில் நிற்பார்கள்.

அப்படி எல்லாரும் கொதித்துக்கொண்டு நிற்கும்போதுதான் செயின் காக்கா தன் விளையாட்டைத் தொடங்குவார். எஞ்சினை நிறுத்தி, செயின் மூடியைத் திறந்துவைத்துவிட்டு, “அறுந்த நேரம் நிண்ட இடத்தில நில்லுங்க” என்பார். நெல்லுக் கொட்டியவன் கொட்டுகிற இடத்தில், சாக்குத் தைத்தவன் ஊசியோடு, வெற்றிலை துப்பப் போனவன் துப்புகிற இடத்தில். ஒருவன் பெரிய சில்லைக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். மற்றவர்கள் அன்றைக்குச் செய்ததைத் திரும்பச் செய்ய வேண்டும். இவர் செயினோடு செயினாக நடந்துபோய்ப் பார்ப்பார். காரணம் அம்பிடும் வரைக்கும் புதுக் கண்ணி பூட்டமாட்டார். “செயின் சும்மா அறாது. அறுந்த இடம் வேற, பிழ உள்ள இடம் வேற.”

ஒருமுறை செயினை மண்ணெண்ணெயில் கழுவிக் கொடியில் தொங்கவிட்டுப் பார்த்தார். கண்ணிகளின் உள்தகடு ஒரு பக்கம் மட்டும் வெள்ளியாக மினுங்கியது. மேல்சில்லும் கீழ்ச்சில்லும் ஒன்றையொன்று நேராகப் பார்க்கவில்லை என்றார். நூல் பிடித்தோம், உண்மைதான். நேராக்கினோம். மறு கிழமை திரும்பவும் கோணியது. எல்லாரையும் நிறுத்தினார். போதாதென்று, சோற்றில் கைவைத்திருந்த லொறி டிரைவரையும் இழுத்துக்கொண்டு வந்தார்.

“நேத்து எப்பிடி வந்தீங்களோ அப்பிடியே பின்னுக்கு வாங்க.”

லொறி பின்னுக்கு வந்தது. நிற்பதற்கு முன் அதன் பின்பலகை எங்கள் மில்லுத் தூணுக்கு ஒரு முத்தம் கொடுத்தது. அவ்வளவு மெதுவாக. மேல்சில்லின் அச்சு அந்தத் தூணில்தான் இருந்தது.

“நான் தொட்ட மாதிரியே இல்லையே காக்கா” என்றான் டிரைவர்.

“தொட்டவன் ஒருத்தனுக்கும் தொட்ட மாதிரி இரிக்காது” என்றார்.

என்னையும் விட்டுவைக்கவில்லை. கொழும்பிலிருந்து புதுச் செயின் எடுப்பித்துப் பழைய பல்சில்லில் மாட்டி, வந்தவன் போனவனிடமெல்லாம் பெருமை பேசினேன். அது பல்லைவிட்டுத் துள்ளித் துள்ளி விழுந்தது. பல்சில்லைத் தடவிப் பார்த்தார். “பல்லெல்லாம் தேஞ்சு கொக்கியா வளஞ்சி கிடக்கு. கிழவிக்குப் புது மாப்புள கட்டிவெச்சா அவன் ஊட்டில தங்குவானா, மொதலாளி?” மூடிக்குள் கண்ணி இடுக்குகளில் செம்மண் மாதிரிப் பொடி கசிந்தால், பெருவிரலில் தேய்த்து மணந்து பார்ப்பார். “வெளிய கிறீஸ் அப்பியிருக்கு, உள்ள ஒரு சொட்டு எண்ணெய் போகல்ல. உமித்தூசும் கிறீசும் சேந்தா அது எண்ணெயில்ல, அரம்.”

அவருக்குப் பேய் பிடிக்கவைப்பது ஒன்றுதான். செயின் நீண்டு தொங்கினால் எங்கள் ஊர் மில்காரர்கள் ஒரு கண்ணியைக் கழற்றி, இறுக்கி, பிஸ்மி சொல்லி ஓடவிட்டுவிடுவார்கள். “எல்லாக் கண்ணியும் உள்ளுக்க தேஞ்சு சேந்த நீளம் இது. ஒண்டக் கழட்டினா மத்ததெல்லாம் குமராகிருமா?” என்று கத்துவார்.

எங்கள் ராத்தா, என் மூத்த சகோதரி, சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில், ஓர் ஒடுக்கமான தெருவில், வாழ்க்கைப்பட்டிருந்தா. செயின் காக்காவின் வீடு அதே ஒழுங்கையில், ராத்தா வீட்டுக்கு மேற்கே அடுத்தது. அவருடைய பெண்சாதியும் ராத்தாவும் உயிர்க் கூட்டாளிகள். பிள்ளை குட்டி இல்லாத வீடு அது. நான் போகும்போதெல்லாம் காக்காவின் பெண்சாதி என்னிடம் பிராது வைப்பா.

“சோறு அடிப்புடிச்சா வேற மனிசன் ஏசுவான், தம்பி. இவரு என்ன அடுப்புக்கு முன்னால நிக்கவெச்சு, ‘அந்த நேரம் எங்க பாத்துக்கிட்டு நிண்ட’ எண்டு கேக்கிறாரு. ஏசினாலும் பரவாயில்ல.”

“நீங்க எங்க பாத்துக்கிட்டு நிண்டீங்க?” என்று நான் கேட்டேன்.

“இவரத்தான். ஒழும்புறாரா எண்டு.”

அது உண்மையான தொல்லை. ஞாயிற்றுக்கிழமை விடியச் சுபஹு தொழுதுவிட்டு மறுபடி படுத்தால் அவரை எழுப்ப அவவால் மட்டும்தான் முடியும். ஒருமுறை பக்கத்துக் கூரை பற்றி எரிந்து, ஒழுங்கையே கூடி அணைத்து முடித்த பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, “எங்கருந்து பத்தின?” என்று கேட்டவர். அதேபோல, சைக்கிள் இல்லாமல் அவர் எங்கேயும் போகமாட்டார். வாசல் படலையில் சைக்கிள் சாத்தியிருந்தால் ஆள் உள்ளே. ஒழுங்கைக்கே அது தெரியும்.

டிசம்பர் கடைசியில் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை படலையில் சைக்கிள் இருந்தது. ஆள் இல்லை.

முதல் நாள் பின்னேரம் சைக்கிள் செயினைக் கழற்றி மண்ணெண்ணெய் டின்னில் ஊறப்போட்டிருந்தார். காலையில் அவருடைய பெண்சாதி ராத்தா வீட்டுக் கலியாணத்துக்குப் பலகாரம் சுடப் போய்விட்டா. போகும்போது இவர் நித்திரை. பிறகு எங்கள் லொறி அந்தப் பக்கத்தால் வந்தது. எத்தனை ஹோர்னுக்கும் எழும்பாத மனிதர் அன்றைக்கு மட்டும் தானாகவே எழும்பி, ஏறி, மில்லுக்கு வந்துவிட்டார்.

எங்கள் மில் ஊருக்கு மேற்கே, வயல் ஓரத்தில். கடல் வருது, கடல் வருது என்று ரோட்டால் ஆட்கள் ஓடிவந்தபோது நான் நெல்லு மூட்டை அடுக்கின் உச்சியில் இருந்தேன். எப்படி ஏறினேன் என்று இன்றைக்கும் தெரியாது. இறங்கிய பிறகுதான் பார்த்தேன், பெட்டகச் சாவியையோ ஓதுகிற கிதாபையோ அல்ல, கிறீஸ் டின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். ஆனால் மேலே இருந்து ஒன்றைத் தெளிவாகக் கண்டேன். ஊர் முழுக்க மேற்கே வந்துகொண்டிருந்தது. ஒரு வெள்ளைச் சட்டை மட்டும் கிழக்கே போய்க்கொண்டிருந்தது.

பெண்சாதியின் உடலை அவர்தான் எடுத்தார். அவ கிடந்தது ஒழுங்கையில் இல்லை, ரோட்டில் இல்லை. சொந்த வீட்டுக்குள், விழுந்த சுவருக்குக் கீழே, கட்டிலுக்குப் பக்கத்தில்.

பள்ளிக்கூடத்தில் அகதியாக இருந்தபோது ராத்தா என்னைத் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் நடந்ததைச் சொன்னா. காக்காவின் பெண்சாதியும் ராத்தாவும் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஓடியிருக்கிறார்கள். காக்கா வீட்டுப் படலைக்கு நேரே வந்ததும் அவ சைக்கிளைக் கண்டா. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கையை உருவிக்கொண்டு உள்ளே போனா. ராத்தா ஓடினா. பின்னால் வந்த மீன்பிடிக்காரர் ஒருவரும் இதைக் கண்டிருக்கிறார்.

“அவருக்கு மட்டும் சொல்லிராத, தம்பி. அந்த மனிசன் செத்திரும்” என்றா ராத்தா. மெல்ல மெல்ல ஒழுங்கையில் மிஞ்சியவர்கள் எல்லாருக்கும் தெரிந்தது. எல்லாரும் அதைத் தங்கள் வீட்டு ரகசியம்போல வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் யாரிடம் மறைக்கிறோம்? காக்கா பள்ளிக்கூடத்தில் பாய் பாயாகப் போய் உட்கார்ந்தார்.

“ராத்தாவோட வெளிக்கிட்டவ ஏன் ஊட்டுக்குள்ள கிடந்தா?”

நகை எடுக்கப் போயிருப்பா என்றார் ஒருவர். நகை ஈட்டுக்கடையில் இருந்தது. தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருக்கும் என்றார் மீன்பிடிக்காரர். “தண்ணி மேற்கால தள்ளுது. எங்கட வாசல் வடக்கால. தண்ணி எப்பிடி ஒரு பொம்புளய வளச்சு உள்ள கொண்டுபோகும்?” என்று காக்கா கேட்டார். அந்த மனிதர் மூத்திரம் வருகிறதென்று எழும்பிப் போய்விட்டார்.

மௌத்தானவர்களுக்காகக் கத்தம் ஓதிய அன்றைக்கு, எல்லாரும் கூடியிருந்தபோது, “ஒருக்கா ஒழுங்கைக்கு வாங்க” என்று கேட்டார். அவ்வளவு தாழ்மையாக அவர் எதையும் கேட்டு நான் கண்டதில்லை. போகாமலிருக்க யாருக்கும் மனம் வரவில்லை. போகிற வழியில் ராத்தாவும் நானும் குசுகுசுவென்று பேசி முடித்தோம். படலையைத் தாண்டி, ஒழுங்கை வளைகிற முடக்கில்தான் கை விட்டுப்போனது என்று சொல்வது. மீன்பிடிக்காரரும் தலையாட்டினார்.

ஒழுங்கை என்று ஒன்று இல்லை. மணலும் அத்திவாரங்களும் மட்டும். அவர் மண்வெட்டியால் கோடு இழுத்து ஒழுங்கையை உண்டாக்கினார்.

“நிண்ட இடத்தில நில்லுங்க.”

நின்றார்கள். மௌத்தானவர்களின் இடத்தில் ஒவ்வொரு உடைந்த கல்லை வைத்துக்கொண்டு போனார். கற்கள் கூடுதல், ஆட்கள் குறைவு. பெண்சாதியின் இடத்துக்கு வந்ததும் கல் வைக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“தம்பி, நீங்க அவட இடத்தில நில்லுங்க.”

“நானா காக்கா? என்ட வண்டியப் பாருங்க” என்று வயிற்றைத் தட்டிக் காட்டினேன். பயம் வந்தால் என் வாய் இப்படித்தான் வேலை செய்யும்.

“அவவும் இந்த ஒசரம்தான்” என்றார்.

ராத்தாவின் கையைப் பிடித்தேன். “ஓடத் தேவல்ல, நடங்க” என்றார் அவர், மில்லில் சில்லை மெல்லச் சுற்றச் சொல்கிற அதே குரலில். பக்கத்தில் குனிந்தபடி, எங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு முதுகுக்குப் பின்னால் கடல் கேட்டது. அது சாதுவாகத்தான் கிடந்தது. ஆனால் என் காதுக்கு அது தெரியுமா? படலை இருந்த இடத்தில் இரண்டு மரக்கட்டைகள் மணலில் குத்திட்டு நின்றன. நேரே பார், நேரே பார் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு போனேன். அந்த இடம் வந்ததும் ராத்தாவின் விரல்கள் தானாக விரிந்தன. என் கழுத்து திரும்பியது. சைக்கிள் சாத்திவைக்கிற கட்டையை நான் பார்த்தேன்.

ஒரு கண் இமைக்கிற நேரம்தான். உடனே முடக்கு வரைக்கும் விறுவிறு என்று நடந்துபோய், “இந்தா, இதிலதான் கை விட்டுப்போன” என்று சத்தமாகச் சொன்னேன்.

அவர் எங்களோடு முடக்குக்கு வரவில்லை. படலைக் கட்டைக்கு முன்னாலேயே நின்றிருந்தார். பிறகு, “சரி. எல்லாரும் ஊட்டுக்குப் போங்க” என்றார். எங்களில் ஒருவருக்கும் வீடு இருக்கவில்லை. கலைந்து போனோம்.

மறுநாள் அவரைத் தேடிப் போனேன். வீட்டுக்குப் பின்னால் மணலைக் கிண்டிக்கொண்டிருந்தார். அந்த டின்னைத் தோண்டி எடுத்துக் கவிழ்த்தார். மண்ணெண்ணெய் இல்லை, கடல்மண். அதற்குள்ளிருந்து சைக்கிள் செயினை ஒரு நுனியில் பிடித்துத் தூக்கினார். அது தொங்கவில்லை. உப்பு ஒவ்வொரு கண்ணியையும் இறுக்கி, டின்னுக்குள் சுருண்டிருந்தபடியே வளையமாக விறைத்து நின்றது. நான் அவர் காணுமுன் திரும்பி ஓடிவிட்டேன். என் ஓட்டங்களில் சத்தமில்லாத ஓட்டம் அது ஒன்றுதான்.

அதன் பிறகு எங்கள் மில்லின் சாக்கு அறையிலேயே தங்கினார். செயின் அறுந்தால் வருவார். மூடியைத் திறப்பார், கண்ணியைப் பூட்டுவார், மூடிவிடுவார். ஆட்கள் பழக்கதோஷத்தில் தங்கள் தங்கள் இடத்தில் போய் நிற்பார்கள். அவர்களை ஏறிட்டும் பார்க்கமாட்டார். ஒருநாள் நீண்டுபோன எலிவேட்டர் செயினில் ஒரு கண்ணியைக் கழற்றி எறிந்துவிட்டு இறுக்குவதைக் கண்டேன்.

“காக்கா, ஏன் இது இப்பிடி நீளுது?”

“நீண்டிட்டு. இறுக்கியாச்சி” என்றார்.

செயின்கள் அடிக்கடி அறுந்தன. மற்ற மில்காரர்கள் அவரைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். நான் நிறுத்தவில்லை. ஆனால் அவரோடு தனியே இருக்கப் பயந்தேன். ஒருநாள் கேட்பார், கேட்டால் என் முகம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். அதனால் அவரைக் கண்டதும் பகிடி பகிடியாகக் கொட்டுவேன். கடல் வருது என்று வதந்தி கிளம்பிய ஒரு நாளில், என் கடைசி மகனைத் தூக்குவதாக நினைத்துத் தலையணையைத் தூக்கிக்கொண்டு மாளிகைக்காட்டுச் சந்தி வரைக்கும் ஓடிய கதையைக்கூடச் சொன்னேன். மகன் எனக்கு முன்னாலே ஓடிக்கொண்டிருந்தான். அவர் சிரிக்கவில்லை. அந்த வதந்திகளுக்கெல்லாம் ஊரே ஓட, அவர் மட்டும் இருந்த இடத்தைவிட்டு எழும்பவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கடல் வந்து நாலரை வருசம் கழித்து, யுத்தம் முடிந்துவிட்டது என்று வானொலி சொன்ன பகலில் அவர் கன்வேயருக்குக் கீழே மல்லாந்து படுத்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ஆலையடிவேம்பிலிருந்து வேலைக்கு வருகிற தமிழ் ஆட்கள் இரண்டு பேரும் சட்டையை மாற்றிக்கொண்டு நேரத்தோடு வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் போய்ச் சற்று நேரத்தில் சந்திப் பக்கமாகப் படபடவென்று கேட்டது. இத்தனை வருசப் பழக்கம். செய்தியை இரண்டு காதாலும் கேட்ட நான், தலையில் கையை வைத்துக்கொண்டு கன்வேயருக்குக் கீழே பாய்ந்து விழுந்தேன். அவருடைய முகத்துக்கும் என் முகத்துக்கும் ஒரு சாண்தான்.

“பட்டாசு, தம்பி” என்றார். “சண்ட முடிஞ்சிட்டாம்.”

“தெரியும் காக்கா. செயின் சரியா எண்டு பாக்க வந்தன்.”

அவர் எண்ணெய்க் குப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டார். சட்டை வெள்ளைதான். ஆனால் கறை பட்டிருந்தது.

“அண்டைக்கு நீங்க படலையப் பாத்தீங்க” என்றார்.

“எண்டைக்கு?”

“நடிக்க வாணாம். உங்களுக்கு அது வராது.” குப்பியின் மூடியைத் திருகி மூடினார். “சைக்கிளக் கண்டுதானே உள்ள போனா.”

கன்வேயருக்கு அந்தப் பக்கம் சுவர். இந்தப் பக்கம் அவர். ஓட இடமில்லை.

“ஓம் காக்கா.”

“எனக்கு அண்டைக்கே விளங்கிட்டு. மறுகா என்னத்துக்குக் கேக்கிற? எந்தச் செயின் அறுந்தாலும் தேடிக்கிட்டுப் போனா கடைசியில அந்த டின்னுக்கிட்டக் கொண்டுபோய் விட்டிருமோ எண்டு பயமாப் போச்சி.”

பயம் என்ற சொல்லை அவர் வாயில் முதல் தடவையாகக் கேட்டேன். என்னுடைய சாமானை வேறொருவர் கையில் கண்டதுபோல இருந்தது.

“ஒண்டு மட்டும் அம்பிடல்ல, தம்பி. உள்ள போகக்குள்ள அவ என்னத்தயும் சொன்னாவா? உங்கட ராத்தா உங்களுக்குச் சொல்லியிருப்பா. ஏசிக்கிட்டுத்தான் போயிருப்பா. நான் ஒழும்பாத மனிசன்தானே. ஏசினத எண்டாலும் சொல்லுங்க. அத வெச்சிக்கிட்டு இரிப்பன்.”

நல்லதாக ஏதாவது கட்டிச் சொல்ல என் வாய் அவசரப்பட்டது. கலிமா சொல்லிக்கொண்டு போனா என்று சொல்லலாம். இவர் கண்டுபிடித்துவிடுவார். தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் ராத்தா அழுதழுது சொன்னதை, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

“‘இந்த மனிசன் நான் கூப்பிடாம ஒழும்பமாட்டாரு. நீ நட புள்ள, நாங்க ரெண்டு பேரும் பின்னால வாறம்.’ இவ்வளவுதான், காக்கா.”

“ஏசல்ல?”

“ஏசல்ல. சிரிச்ச மாதிரித்தான் இருந்ததாம்.”

அவர் மேலே கன்வேயரின் அடித்தகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். உமித்தூசு அவருடைய புருவத்தில் விழுந்தது, துடைக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. நாங்க ரெண்டு பேரும்.

“இன்னொருக்காச் சொல்லுங்க” என்றார்.

வாயைத் திறந்தேன். சந்தியில் அடுத்த பட்டாசுச் சரத்தைப் பற்றவைத்துவிட்டார்கள். அவர் எண்ணெய்க் கையை உயர்த்தி என் வாயை மெல்ல மூடினார்.

“அது முடியட்டும்” என்றார்.